பிளேர் காடு

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு புதுச் சேலை காய்ந்தால் போதும், அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு கூடிவிடும். (என் வீட்டுக்காரர் முதல் வாய் வைத்ததுமே, "இன்னைக்கு யாரு என்ன வாங்கிப்போட்டாங்க?" என்று கேட்பார்.) ஆனால் முகம் தெரியாத ஒரு ஆளின் மேல், அதுவும் கடல் தாண்டி ஸ்காட்லாந்தில் இருக்கிற ஆளின் மேல், எட்டு மாதம் பொறாமைப்பட்டு, பொறந்த வீட்டு ஆட்களையெல்லாம் காரில் ஏற்றி வரவழைத்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஆளின் பெயர் பிளேர்.

கடைசி வரைக்கும் மூடி வைத்து உங்களை இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது. இப்பவே சொல்லிப்போடுகிறேன். பிளேர் ஆம்பளை. வயசு அறுபது, தலையில் முடி கிடையாது, இரண்டு பையன்களுக்கு அப்பா. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணபதி என்கிற இடத்தில் முன்னால் வீடு, பின்னால் பட்டறை. தண்ணி பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரைக் கடைந்து கொடுப்பது தொழில். வீட்டுக்காரர் பெயர் தங்கமணி. (எங்கள் பக்கம் வீதிக்கு ஒரு தங்கமணி உண்டு. என் வகுப்பில் இரட்டைச் சடை போட்ட தங்கமணிகள் இரண்டு பேர். என்னுடைய தங்கமணிக்கு அரிவாள் மீசை.) உள்ளூர்க் கம்பெனிகளுக்குச் செய்து செய்து சலித்துப்போய், ஏதோ ஒரு தொழில் பத்திரிகையில் விலாசம் பிடித்து, ஸ்காட்லாந்தில் மீன் பண்ணைக்குப் பம்பு செய்கிற ஒரு கம்பெனிக்குக் கடிதம் போட்டார். அங்கிருந்து பதில் வந்தது. அடியில் நீல மையில் ஒரே ஒரு பெயர், பிளேர். அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை நிமிர்ந்துவிடும், இல்லாவிட்டால் இழுத்துப் பூட்டிவிட்டு மில் வேலைக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனையும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முடித்ததும் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் ஒரு நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகு வழவழத் தாளில் முத்து முத்தாக இன்னொரு தடவை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு அவர் எழுதிய மொத்தக் கடிதம் ஒன்று. அதிலும் 'பஸ் பதினொன்றுக்கு' என்பதுதான் முக்கியமான வாக்கியம். ஒருநாள் அவர் பட்டறைக்குப் போன நேரம் பார்த்து நோட்டைப் பிரித்தேன். நான் படித்தது பிளஸ் டூ, அதுவும் தமிழில்தான். ஆனால் சில ஆங்கில வார்த்தைகளைப் படிக்க யாருடைய உதவியும் தேவையில்லை. மேலே 'டியர் பிளேர்' என்றிருந்தது. அடியில் 'யுவர்ஸ் லவ்விங்லி, தங்கமணி' என்றிருந்தது. நடுவில் முழுக்க மில்லிமீட்டர். நடுவில் இருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது, சும்மா கேட்பதுபோல, அந்த பிளேர் ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், தெரியாது, பம்பு கேட்கிறவர்கள் யாராக இருந்தால் நமக்கென்ன என்றார். மாதக்கணக்காக டியர், லவ்விங்லி எல்லாம் போட்டு எழுதுகிறவருக்கு இதுகூடத் தெரியாதாம். நம்புகிற ஆளா நான்? அதற்கப்புறம் பேச்சுக்குப் பேச்சு "அவிய எழுதியிருக்காங்க, அவிய கேட்டிருக்காங்க" என்று அவர் சொன்னபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவிய என்றால் அவரும் ஆகலாம், அவளும் ஆகலாம்; மரியாதை என்கிற பெயரில் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அதற்கு மேல் வந்ததுதான் விளக்கு. ஒரு வாரமாகச் சாயங்காலத்தில் பட்டறை வேலை முடிந்த பிறகு, மீந்த பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் கொடுத்து, உள்ளங்கை உயரத்துக்கு ஒரு குத்துவிளக்குக் கடைந்தார். அவ்வளவு அழகான விளக்கை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எங்கள் கல்யாண நாள் பத்து நாளில் வருகிறது. வெளியே காட்டிக்கொள்ளாமல் பஞ்சு வாங்கித் திரி திரித்து வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டேன். (சொல்லாமல் இருந்திருக்கலாம்.) ஒருநாள் காலையில் பார்த்தால், வைக்கோல் போட்ட மரப்பெட்டியில், சாம்பிள் இம்பெல்லருக்குப் பக்கத்தில் என் விளக்கு படுத்துக்கிடக்கிறது. அவர்களுக்குப் பண்டிகை வருகிறதாம், ஒரு மரியாதைக்கு வைக்கிறாராம். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வந்தது.

அடுத்த வீதியில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதற்கான அட்டை கிழிந்த வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. எனக்கு ஏதோ விசேஷம் என்று நினைத்து சந்தோஷமாக எடுத்து வந்தார். நான் கேட்ட பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படித்துச் சொன்னார். ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கேலிக் பாஷையில் 'பிளார்' என்று ஒரு சொல் உண்டாம். வெட்டவெளி, வயல்காடு என்று அர்த்தமாம். அந்த மாதிரி வெளியில்தான் சண்டை நடக்கும் என்பதால் போர்க்களம் என்றும் அர்த்தமாம். முதலில் அது ஊர்களுக்குப் பெயராக நின்று, பிறகு அந்த ஊர்க்காரர்களின் குடும்பப் பெயராகி, அப்புறம் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயராகிவிட்டதாம்.

"அதெல்லாஞ் சரிங்க டீச்சர், ஆம்பளைக்கு வெக்கறதுங்களா, பொம்பளைக்கு வெக்கறதுங்களா?"

"ரெண்டு பேருக்கும் வெக்கலாம்னு போட்டிருக்குதும்மா."

எது அதிகம் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போடவில்லையாம். அப்புறம் எதற்கு அது ஒரு புத்தகம்?

வீடு திரும்புவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் காடு என்றால் புலி, கரடி இருக்கிற காடில்லை. மானாவாரியாக விதைக்கிற மேட்டு நிலம். ஆக அவள் காடு தோட்டத்தோடு இருக்கிற பெரிய இடத்துப் பெண். பல்லடத்தில் என் அப்பாவுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது, கிணத்துத் தோட்டம் இருக்கிறது, போதாததற்குக் கல்லு முளைக்கிற மேட்டுக்காடு எட்டு ஏக்கர் இருக்கிறது. ஆனால் எங்களில் யாருக்கும் பெயரிலேயே காடு கிடையாது. தங்க நிறத் தலைமுடியோடு, கண்ணுக்கெட்டின மட்டும் பச்சையாக இருக்கிற அவளுடைய காட்டில், கையில் என் விளக்கோடு அவள் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாலு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள், பிளேர் நேரிலேயே வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் பட்டறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். புதுப் பேன்ட் தைத்தார். முப்பது வயதில் மூன்று நரை, அதற்கு மை பூசினார். ரோஜா மாலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தார். மாலை என்றதும்தான் நான் உடைந்தேன். நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டு, இவிய வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள் என்று சொல்லி அழுதேன்.

"நாங்க வாரோம் கண்ணு. நீ வாயே தொறக்காத" என்றார் அப்பா.

எங்கள் பக்கம் ஞாயம் கேட்க வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் சத்தம் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டி, சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு, விருந்துக்கு ஒறம்பரை வருகிற மாதிரியே வருவார்கள். நல்லா இருக்கீங்களா, அங்க மழையுங்களா என்றெல்லாம் விசாரித்து, காப்பி குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் "அப்பறமுங்க..." என்று ஆரம்பிக்கும். அந்த 'அப்பறமுங்க'வில் அறுந்துபோன சம்பந்தங்கள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு உண்டு.

அந்த நாளும் வந்தது. வீட்டுக்காரர் காலையிலேயே மாலையோடும், 'பிளேர்' என்று எழுதின அட்டையோடும் விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவர் போய் ஒரு மணி நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி நின்றது. உள்ளேயிருந்து வயசான வெள்ளைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். (முந்தின நாளே மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து ஓட்டலில் தங்கியிருக்கிறார்கள். அப்படி வருவதாகச் சொன்ன கடிதம் எங்களுக்கு அடுத்த வாரம் வந்தது.) அந்தப் பெரியவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "தங்கமணி?" என்று கேட்டார். தங்கமணி வீடுதானே, நான் ஆமாங்க என்று தலையாட்டினேன்.

அந்தம்மா என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார். என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை, பதிலுக்குப் பார்த்தேன். எங்கே அவள், இவர்கள் மட்டும் வந்திருக்கிறார்களே என்று யோசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பெரியவர்களை முன்னால் அனுப்பிப் பேசி முடிக்கப் பார்க்கிறாள். வெள்ளைக்காரியாக இருந்தாலும் முறை தெரிந்தவள் என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

அந்த நேரத்துக்குச் சரியாக அப்பாவின் அம்பாசிடர் வந்தது. அப்பா, அண்ணன், பெரியப்பா, மாமன்மார் இரண்டு பேர், இரண்டு சீப்புப் பழம். உள்ளே வந்த அப்பா பெரியவரைப் பார்த்ததும் கும்பிட்டார். எங்கள் ஆட்கள் புது ஆளிடம் எடுத்த உடனே பெயரைக் கேட்பதில்லை. யார் வீடு என்றுதான் கேட்பார்கள். அப்பாவும், "யாரு ஊடுங்க?" என்று கேட்டார். அந்த வெள்ளைக்காரப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "பிளேர்" என்றார்.

பிளேர் வீட்டு ஆள். அப்பா என் பக்கம் திரும்பி, பொண்ணோட அப்பன் என்று கண்ணாலேயே சொன்னார். நானும் ஆமாம் என்று கண்ணாலேயே சொன்னேன். ஐந்து பேரும் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முறைப்படி அப்பா மழையில் ஆரம்பித்தார். தபாலில் பி.காம் படித்த அண்ணன் கதிர்வேல் "ரெயின்?" என்று கேட்டு மேலே கையைக் காட்டினார். பெரியவர் சிரித்து, "டெய்லி, டெய்லி" என்றார். தினமும் மழையாம் என்று அண்ணன் சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. மூன்று வருஷமாக எங்கள் மேட்டுக்காட்டில் ஒரு பருவம் ஒழுங்காகப் பெய்யவில்லை. (எனக்கு இந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.) பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா தொண்டையைச் செருமினார். "அப்பறமுங்க..." என்றார்.

அதற்கு மேல் அண்ணனின் இங்கிலீஷ் ஓடவில்லை. நான் ஓடிப்போய் ஸ்டெல்லா டீச்சரைக் கூட்டி வந்தேன். அப்பா அவரை நடுவில் உட்கார வைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசினார்.

"ஏனுங்க, நீங்களும் புள்ளையப் பெத்தவங்க, நாங்களும் புள்ளையப் பெத்தவங்க. உங்க புள்ளைக்குக் காடு இருக்குது, தோட்டம் இருக்குது, தெனமும் மழை பெய்யுது. வேற நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்குடுங்க. இது எங்க புள்ள வாழற ஊடுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். பெரியவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, தனக்குப் பெண் குழந்தையே கிடையாது, இரண்டும் பையன்கள் என்றார். அப்படியானால் பிளேர் யார் என்று அப்பா கேட்டார். பெரியவர் மறுபடியும் நெஞ்சில் கை வைத்தார். அந்தப் பெயருக்கு வயல்காடு என்று அர்த்தம் என்றும், ஐந்து தலைமுறையாகத் தங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு செண்டு நிலம் கிடையாது என்றும், கூடுதலாகச் சொன்னார்.

யாராவது ஏதாவது பேசுவதற்குள், அதுவரை வாய் திறக்காத அந்தம்மா மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளேயிருந்து என் விளக்கை எடுத்து மேசை மேல் நட்டமாக வைத்தார். என்னைக் கை காட்டி ஏதோ கேட்டார்.

"இதை அவங்க வீட்டுக்காரருக்கு அன்போட அனுப்பினது நீதானேன்னு கேக்கறாங்க" என்றார் டீச்சர். அவர் குரலே மாறிவிட்டது.

"நான் எதுக்குங்க அனுப்பறேன்? அது எனக்கு வர வேண்டிய வெளக்கு!"

"அப்ப நீ தங்கமணி இல்லையான்னு கேக்கறாங்க."

அந்த நொடியில்தான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஒரு கையில் வாடின ரோஜா மாலை, இன்னொரு கையில் அட்டை, நரைக்குப் பூசின மை வேர்வையில் கன்னம் வரை வழிய, என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "இவியதானுங்க தங்கமணி" என்றேன்.

அந்தம்மா மீசையைப் பார்த்தார். மை வழிந்த கன்னத்தைப் பார்த்தார். பிறகு தன் புருஷனைப் பார்த்தார். அந்தம்மா பெயர் ஐலீன். டியர் என்று ஆரம்பித்து லவ்விங்லி என்று முடியும் கடிதங்களை எட்டு மாதமாகப் படித்துவிட்டு, தங்கமணி என்கிறவள் யாரென்று பார்த்தே தீருவது என்று கிளம்பி வந்திருக்கிறார். நான் ஒரு வீதி தள்ளிப் போய் டீச்சரைக் கேட்டதோடு சரி. அவர் ஆதாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறார். தங்கமணிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, எங்கள் தங்கமணியையும் அங்கே ஒருவர் பொம்பளை என்று நினைக்கலாம் என்பது எட்டு மாதமாகத் தோன்றவே இல்லை. ஐலீன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் கஷ்டம் வேறு. மாலை ஒன்று, வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர். இதில் யார் பிளேர்? அவருக்கு நிஜமாகவே தெரியாது. மாலையை நீட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். எதிரே உட்கார்ந்திருந்த என் சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் ஒட்டுக்காகக் கையைத் தூக்கிப் பெரியவரைக் காட்டினார்கள்.

நாங்கள் மரியாதைக்காரர்கள் என்பதால் அப்புறம் யாரும் எதையும் சொல்லவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார் அப்பா. பெரியப்பா பழத்தை எடுத்து நீட்டினார். டீச்சர் மட்டும் அந்தக் கடித நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே படித்தாய் இதை என்று கேட்டார். ஏழாம் வகுப்பில் 'நண்பனுக்குக் கடிதம்' பாடத்தில் அப்படித்தான் முடியும் என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த கடிதம் அது ஒன்றுதான்.

மத்தியானம் பிளேர் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு இம்பெல்லராக அளந்தார். வீட்டுக்காரர் என் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துபோயிருந்தது. ஆர்டர் போனால் என்னால்தான் போகும் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பிளேர் எழுந்து கை கொடுத்தார். ஆர்டர் தருகிறேன், ஆனால் கடிதத்தை எப்படி முடிப்பது என்று என் மனைவி சொல்வாள் என்றார்.

கிளம்பும்போது ஐலீன் அந்த விளக்கை என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் கொடுத்ததும் வாங்கிவிட மாட்டோம். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் வாங்குவோம். நான் முறையாக, ஐயோ வேண்டாங்க, நீங்களே வெச்சுக்கங்க என்றேன். டீச்சர் அதைச் சொன்னதுதான் தாமதம், ஐலீன் சரி என்று விளக்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் என் விளக்கு ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் அப்பா, செய்த தப்புக்கு ஈடாக, அவர்களைப் பல்லடத்துக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்ட பிறகு மேட்டுக்காட்டைக் காட்டினார். காற்றும் கல்லும் வேலிமுள்ளும் தவிர அதில் ஒன்றுமில்லை. இதுதான் உங்கள் பெயர் என்று டீச்சரை விட்டுச் சொல்லச் சொன்னார். பிளேர் காலை ஊன்றி நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். சொந்தமாக ஒரு செண்டு இல்லாத மனுஷன், அன்றைக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லாமல் நின்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பிளேர் காடு. ஆடு மேய்க்கிறவர்களும் உழவு டிராக்டர்காரரும்கூட அப்படித்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் போன் பேசும்போது நான் பக்கத்தில் போய் நின்றால் போதும், வீட்டில் யாராவது ஒருவர், "பல்லடத்துக்குச் சொல்லட்டுங்களா?" என்று கேட்பார்கள்.

பல வருஷம் கழித்து அப்பா சொத்தைப் பிரித்தார். கிணத்துத் தோட்டம் அண்ணனுக்கு. எனக்கு வந்தது அந்த மேட்டுக்காடு. பத்திரம் எழுதுகிறவர் நாலு எல்லையையும் சொல்லிவிட்டு, "இதன் மத்தியில் பிளேர் காடு என்று வழங்கப்படுகிற நிலம்" என்று உரக்கப் படித்தார்.

"எட்டு மாசம் பிளேர் நம்ம ஊட்டுக்கு ஆகாதுன்னயே அம்மணி, இப்ப உம் பேருக்கே எழுதியாச்சு. கையெழுத்தைப் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணி ஒருத்தியைத் தவிர. தண்ணி வற்றாத கிணறும் தென்னையும் அவளுக்குத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்களுது வெறும் கெணத்துத் தோட்டம். உங்களுதுக்கு மட்டும் சீமைப் பேரு" என்றாள். மத்தியானம் அவள் வைத்த குழம்பில் உப்பு கூடியிருந்தது. நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி ஊற்றிச் சாப்பிட்டேன்.